மியூவான் வராத மழை

நேற்று குளியலறை ஜன்னல் விளிம்புக்குச் சிலிக்கான் பூச ஓர் ஆள் வந்திருந்தார். இந்த ஐப்பசி மழைக்குச் சாரல் உள்ளே அடித்து, சுவரெல்லாம் பாசி பிடித்துக் கிடந்தது. அவர் வேலையை முடித்துவிட்டுப் போன பிறகும் வீடு முழுக்க அந்தப் புளித்த வினிகர் வாடை. ஊதுவத்தி கொளுத்திப் பார்த்தேன், போகவில்லை. மூக்கு எரிந்தது. கூடவே உன்மேல் கோபமும் வந்தது. செத்துப்போனவள்மேல் என்ன கோபம் என்று கேட்பாய். எனக்கு யார்மேல் வேண்டுமானாலும் வரும், உனக்குத் தெரியாததா.

அந்த வாடையில்தான் நமக்குப் பழக்கமே ஆனது. இரண்டு பேரும் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஊட்டிக்கு வெளியே அந்த மலைச்சரிவு முழுக்கக் கூம்புத் தொப்பி போட்ட பெட்டிகள். ஒவ்வொன்றுக்குள்ளும், துகள் பட்டால் மினுங்கும் பிளாஸ்டிக் பலகை. மழைக்காலத்துக்கு முன்னால் எல்லாப் பெட்டிக்கும் மூடி விளிம்பை அடைக்க வேண்டும். நீ சிலிக்கானைப் பிதுக்கிக்கொண்டே முன்னால் போனாய், நான் துணியால் துடைத்துக்கொண்டே பின்னால் வந்தேன். "இந்த வாடைக்கு நான் ஊறுகாய்க் கம்பெனிக்கே போயிருப்பேன் புள்ள, எம்.எஸ்ஸி. படிச்சது தண்டம்" என்றாய். சாலையில் காரை நிறுத்தி எட்டிப்பார்த்த ஒருவர், "தேன் பெட்டிங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க, தேன்தான் இன்னும் வரல" என்று முகம் மாறாமல் சொன்னாய். அவர் நம்பிவிட்டுப் போனார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் வீட்டுக்காரர் போன வாரம் காந்தலிலிருந்து போன் செய்தார். கல்லறைத் திருநாளுக்குள் உனக்குக் கல் வைத்துவிட வேண்டும் என்று நிற்கிறார். பெயர், பிறந்த நாள், இறந்த நாள், அதற்குக் கீழே உன்னைப் பற்றி ஒரு வரி. "அவ கண்டுபுடிச்சாளே அம்மிணி அந்த வெளிச்சம், அது வந்த தேதி வேணுமுங்க. அதையும் வெட்டச் சொல்லியிருக்கறேன், ஆளு காத்துட்டு இருக்கறாரு" என்றார். பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். தேதி எனக்குப் பார்க்காமலே தெரியும். என்னால் அதைக் கொடுக்க முடியாது, அதுதான் சங்கடம். ஏன் முடியாது என்பதை அவரிடம் சொல்ல நேற்று சாயங்காலம் காந்தலுக்குப் போய்விட்டு வந்தேன். நியாயப்படி உன்னிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். இப்போதாவது சொல்கிறேன்.

இதை வேறு யாராவது படித்தாலும் விளங்க வேண்டும், அதனால் நாம் எதைத் தேடினோம் என்று சொல்லிவிடுகிறேன். நீ கொட்டாவி விட்டுக்கொள். வானத்திலிருந்து வருகிற ஒரு துகள் காற்று மண்டலத்தின் உச்சியில் மோதிச் சிதறும். சிதறியது மறுபடி சிதறும். அது தரைக்கு வரும்போது ஆயிரக்கணக்கான துகள்கள் ஒரே சமயத்தில் சரிவு முழுக்கப் பெய்யும். அதைத் துகள் மழை என்போம், ஆங்கிலத்தில் ஷவர். இப்படிப் பெய்வதில் ஏறக்குறைய எல்லாமே சாதாரணக் காஸ்மிக் கதிர்கள். காந்தப்புலங்களில் வளைந்து வளைந்து வருவதால் அவற்றின் பிறந்த ஊர் தெரியாது. அவை தம்மோடு மியூவான் என்ற பிடிவாதக்காரத் துகள்களைக் கூட்டி வரும். மியூவான் காங்கிரீட்டையே துளைத்துக்கொண்டு போகும், அதை எண்ணுவதற்குச் சரிவின் ஒரு பக்கத்தில் தடித்த கூரை போட்ட கூடம் ஒன்று இருக்கிறது. எப்போதாவது ஒன்று காமாக் கதிராக இருக்கும். அது ஒளி, வளையாமல் நேராக வரும், எங்கே பிறந்தது என்று விரல் நீட்டிக் காட்டலாம். அதன் மழையில் மியூவான் அநேகமாக இருக்காது. ஆகவே, சரிவில் பெரிய மழை பெய்திருக்க வேண்டும், கூடத்தில் ஒரு மியூவானும் வந்திருக்கக் கூடாது. அப்படி ஒன்றுக்காகத்தான் நம் ஆயுசு போயிற்று.

உன் வீட்டுக்காரர் நகராட்சியில் குமாஸ்தாவாக இருந்தவர். அவருக்கு இதை நீ ஒரே வரியில் புரியவைத்தாய். "கல்யாணத்துக்கு ஊரே வந்துருச்சு, தாய்மாமன மட்டும் காணல. அந்த மாதிரிக் கல்யாணம் எங்காவது நடக்குதான்னு பாத்துட்டு இருக்கறோம்." அவர் அதற்கு, "மாமன் இல்லாம எவன் கல்யாணம் பண்ணுவான், உங்களுக்குச் சம்பளம் குடுக்கறாங்க பாரு" என்றார்.

இதில் ஒரு கண்டம் உண்டு. நாம் தேடியது ஒன்று வராமல் இருப்பதை. மாமன் வராத கல்யாணமும், மாமன் வந்தபோது வாசலில் தூங்கிப்போன காவலாளியும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுதான். எண்ணும் கருவி செத்துக் கிடந்தாலும் கூடம் அமைதியாகத்தான் இருக்கும். அதனால்தான் நம் இருவருக்குள் அந்த வழக்கம் வந்தது. கண்டவள் சரிபார்க்கக் கூடாது. மற்றவள் அதைக் கொல்லப் பார்க்க வேண்டும், கொல்ல முடியாவிட்டால்தான் நம்பலாம். ஆசைப்பட்டவளுக்குக் கண் மறைக்கும் என்று நீதான் சொன்னாய். பிறகு குழுவில் எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் கண்டுபிடிக்கிற கை உனக்குத்தான் இருந்தது, எனக்கு வாய்த்தது கொலைத் தொழில்.

எத்தனையைக் கொன்றேன். ஒன்றில் எலி கேபிளைக் கடித்திருந்தது. ஒன்றில் கூடத்துக் கருவிகளுக்கு மின்னழுத்தம் இறங்கியிருந்தது. ஒன்றில் சரிவில் பெய்தது மழையே இல்லை, இடி இடித்ததில் கம்பிகளில் ஏறிய மின் இரைச்சல். காட்டெருமை ஒன்று பெட்டியில் முதுகு சொறிந்துகொண்டு போனதைக்கூட நீ ஒருமுறை நண்டு நெபுலாவின் கணக்கில் எழுதப் பார்த்தாய். வெடித்துச் செத்த நட்சத்திரத்தின் மிச்சம் அது, காமாக் கதிர் கிளம்பும் இடம், பாவம், அதற்கும் எருமைக்கும் என்ன சம்பந்தம். நான் வந்து கதவில் சாய்ந்து நின்றாலே உனக்குத் தெரிந்துவிடும். "இதையும் முடிச்சுட்டியா?" என்பாய். முடித்தேன் என்றால், எழுந்து கேண்டீனுக்குக் கூட்டிப்போய் டீயும் வர்க்கியும் வாங்கிக் கொடுப்பாய். அதற்குக் கருமாதி டீ என்று பெயர் வைத்ததும் நீதான். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரிக்கு ஏது கருமாதி என்று நான் கேட்டால், "செத்தது ஷவர்தானே புள்ள, அதுக்கு ஏது சாதி மதம்" என்பாய்.

அப்போதெல்லாம் அலுப்பு என்றால் என்னவென்று தெரியவில்லை. அடுத்த வருஷம் வந்துவிடும் என்று இருந்தோம். வருஷங்கள் போயின. பிறகு நம்மைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரத்தில், வேறொரு நாட்டுப் பீடபூமியில், நம் சரிவைப் போலப் பல சரிவுகளை விரித்துவைத்தாற்போல ஒன்றைக் கட்டினார்கள். நாம் தேடியதை அவர்கள் ஐயத்துக்கு இடமில்லாமல் பிடித்தும்விட்டார்கள். அந்தக் கட்டுரையை நீ ஜன்னலோரம் நின்றபடியே படித்து முடித்தாய். வெளியே பனி இறங்கிப் பெட்டிகளெல்லாம் மறைந்துபோயிருந்தன. "நல்லாப் பண்ணியிருக்கறாங்க" என்றாய். நான் எரிச்சலில், இனிமேல் நாம் எதற்கு என்று கேட்டேன். "அவங்க மலையில உழுந்தது அவங்களுக்கு. நம்ம மலையில உழுந்தது ஒண்ணு போதும் புள்ள. ஒண்ணே ஒண்ணு" என்றாய். அன்று எனக்கு முட்டி வேறு வலித்துக்கொண்டிருந்தது.

அந்த ஒன்று வந்தது. தென்மேற்குக் காற்று மரங்களைச் சாய்த்துக்கொண்டிருந்த ஒரு மதியத்தில் பெய்த மழை அது, நீ அதைப் பதிவுகளில் கண்டது சில வாரம் கழித்து. அதற்குள் உனக்கு வயிற்று வலி தொடங்கியிருந்தது. அல்சர் என்று மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாய். நேரே நண்டு நெபுலாவின் திசை. அவ்வளவு பெரிய மழைக்குக் கூடத்தில் ஒரு மியூவான்கூட இல்லை. நீ அதை என்னிடம் காட்டினாய். நாற்காலியை எனக்கு விட்டுவிட்டு எழுந்து வெளியே போய்விட்டாய். நான் முழு மூச்சாக அதைக் கொல்லப் பார்த்தேன். கேபிள், மின்னழுத்தம், இடி, பெட்டி, எருமை, எல்லாம். கூடத்துக் கருவிகள் ஒவ்வொன்றும் அந்த மணி நேரத்தில் உயிரோடு எண்ணிக்கொண்டுதான் இருந்தன. உன் மழை சாகவில்லை.

அதைச் சொல்லத்தான் கோயம்புத்தூருக்கு இறங்கினேன். அதற்குள் அல்சர் இல்லை என்று ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியில் உனக்கு வெக்கை தாங்கவில்லை, போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டுக் கிடந்தாய். நான் கதவருகே நின்றதும் எப்போதும்போல் கேட்டாய்.

"கொன்னுட்டியா?"

"இல்ல. உசுரோட இருக்குது."

"எல்லாம் பாத்துட்டியா? ஒழுங்கா?"

"எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பாத்துட்டேன்."

நீ சிரித்தாய். சத்தமில்லாமல், தோள் குலுங்க, கண்ணில் நீர் வருகிற மாதிரி. உன் வீட்டுக்காரர் பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட்டார். அந்தப் பெண்ணிடம் நீ, "சிஸ்டர், இன்னைக்கு எனக்கு ஒரு இட்லி சேத்திக் குடுங்க" என்றாய். முதல்நாள்வரை கஞ்சியே இறங்கவில்லை என்று அவர் என்னிடம் வராண்டாவில் சொல்லியிருந்தார். அன்று முழு இட்லியும் தின்றாய். அதன் பிறகு நான் உன்னைப் பார்த்தது காந்தல் வேதக்கோயிலில், சவப்பெட்டியில்.

நீ போன பிறகு எனக்கு எதிலும் பிடிப்பில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன். சரிவில் ஏறினால் மூச்சு வாங்குகிறது, உட்கார்ந்தால் எழ மனம் வரவில்லை. ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான். கடைசியாக, நம் பதிவுகள் அனைத்தையும் சேர்த்து ஒரு கட்டுரை எழுதுவதென்று குழுவில் முடிவானது. அதில் உன் மழைதான் முதல் வரிசையில் நின்றது. பழைய பதிவுகளையெல்லாம் மறுபடி ஓட்டிப் பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இந்த முறை, எந்த மழைக்கும் சேராமல் அநாதையாக வந்த மியூவான்களையும் தனியே எடுத்துக் காட்டும்படி செய்திருந்தேன். வேறொரு குறைக்காகச் செய்தது, உன் மழையை நினைத்து அல்ல.

உன் மழை பெய்த அதே மதியத்தில், அதற்கு அடுத்த நொடியில், கூடத்தில் மியூவான்கள் கொத்தாக வந்து நின்றன. சரிவில் அந்த நொடியில் மழையே இல்லை. உன் மழைக்கு எவ்வளவு வர வேண்டுமோ ஏறக்குறைய அவ்வளவு. சரிவுக்கு ஒரு கடிகாரம், கூடத்துக்கு ஒரு கடிகாரம், இரண்டிலும் நேரம் ஒத்துப்போனால்தான் மியூவானை மழையோடு சேர்ப்போம் என்று நமக்கு இருந்ததே, அன்று காற்றில் கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறியபோது கூடத்துக் கடிகாரம் ஒரு நொடி முந்திக்கொண்டது. சில நிமிஷத்தில் தானாகவே சரியாகிவிட்டது. அந்தச் சில நிமிஷத்தில் பெய்த எந்த மழைக்கும் மியூவான் சேரவில்லை. மற்றவை சின்ன மழைகள், ஒன்றிரண்டு குறைந்தால் யாருக்கும் தெரியாது. கடிகாரம் இப்படிச் செய்யும் என்று அதற்கு முன்னால் நம்மில் ஒருவரும் கண்டதில்லை. கருவிகள் உயிரோடு இருந்தன என்று நான் சொன்னது சரிதான். அவை எண்ணியும் இருந்தன. நாம்தான் ஒரு நொடி தள்ளி எழுதியதைத் தேடாமல் விட்டோம்.

வெகுநேரம் அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. சலிப்புதான் வந்தது, உடம்பெல்லாம் ஈரத்துணியைச் சுற்றினாற்போல. மறுபடி சரிபார்க்கும்படி வேறொருவரிடம் கொடுத்தேன், அவரும் அதையே சொன்னார்.

குழுக் கூட்டத்தில் சொன்னேன். தலைவர் நல்ல மனிதர், உன் சாவுக்கு வந்து ஓரமாக நின்று அழுதவர். "மேடம், முழுசா எடுத்துட வேண்டாமே. அடிக்குறிப்புல, நிச்சயமில்லைன்னு போட்டு வச்சுக்கலாம். அவங்க நினைவா இருக்கட்டுங்க" என்றார். நான் கோபப்பட்டேன். நிச்சயமில்லாதது என்றால் நானே அடிக்குறிப்புக்குச் சண்டை போட்டிருப்பேன், இது நிச்சயமாக இல்லாதது என்றேன். ஆயுசெல்லாம் இல்லாததை இல்லை என்று ஒத்துக்கொண்டவளுக்கு இப்படியா மரியாதை செய்வது என்றும் கேட்டேன். எடுத்துவிட்டார்கள்.

அதற்கு அடுத்த நாள்தான் உன் வீட்டுக்காரர் தேதி கேட்டுப் போன் செய்தார். ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். நேற்று அந்த வாடை வீட்டில் இருக்கவிடவில்லை, குடையை எடுத்துக்கொண்டு காந்தலுக்கு பஸ் ஏறிவிட்டேன்.

அவர் இளைத்திருக்கிறார். உன் ஸ்வெட்டரைப் போட்டிருந்தார், அந்தப் பழுப்புநிற ஸ்வெட்டரை, கை குட்டையாக இருந்தது. டீ வைத்துக் கொடுத்தார், சர்க்கரை அதிகம். "கல்லு வந்துருச்சுங்க அம்மிணி, கோயமுத்தூர்ல இருந்து. 'வானத்து ஒளியைக் கண்டவள்'னு போட்டு, கீழ தேதி. நல்லாருக்குதுங்களா?" என்றார். நான் டீயைக் கீழே வைத்தேன்.

"அண்ணா, தேதி தர முடியாதுங்க."

"ஏனுங்க?"

"அது அந்த வெளிச்சம் இல்லீங்க. சாதாரணமானதுதான். மாமன் வந்திருக்கறாருங்க, கடிகாரம் ஒரு நொடி தப்பாப் போச்சு, நாங்கதான் பாக்கல."

அவருக்கு உடனே புரிந்தது. நீ புரியவைத்த விதம் அப்படி.

"யாரு சொன்னதுங்க இது?"

"நாந்தானுங்க கண்டுபுடிச்சேன்."

"உங்களுக்கு அதுல துளிகூடச் சந்தேகம் இல்லீங்களா?"

"இல்லீங்க."

அவருக்குக் குரல் ஏறியது. நான் அவர் கோபப்பட்டு அதற்குமுன் பார்த்ததில்லை. "ஒரு கல்லுதானுங்களே அம்மிணி. அந்தக் கல்லறை மேட்டுக்கு என்னையும் உங்களையும் உட்டா யாரு வரப்போறாங்க? ஆரு படிச்சுப்போட்டு, கடிகாரம் ஒரு நொடி தப்புன்னு கேக்கப்போறாங்க? அது அப்படியே இருந்தா யாருக்கு என்ன கெட்டுப்போகுது?"

யாருக்கும் ஒன்றும் கெட்டுப்போகாது. அது எனக்கும் தெரியும். பஸ்ஸில் வரும்போது நானும் அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். "அவ பேருக்குக் கீழ வருதுங்களே அண்ணா" என்று மட்டும் சொன்னேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஸ்வெட்டரின் குட்டைக் கையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டது, பேசினால் கேட்காது என்ற அளவுக்கு. அது கொஞ்சம் தணிந்த பிறகு கேட்டார்.

"அப்ப, அன்னைக்கு ஆஸ்பத்திரியில சிரிச்சாளேங்க. இட்லி தின்னாளே. அதும் தப்புங்களா?"

"இல்லீங்க அண்ணா" என்றேன். யோசிக்காமல்தான் சொன்னேன். "அன்னைக்கு அது உசுரோட இருந்துச்சுங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "பேரு போதுமுங்க. பேரும் தேதிகளும் போதும். கல்லுக்காரரிட்டச் சொல்லிடறேன்" என்றார். பஸ் நிறுத்தம்வரை கூட வந்தார். வழியில் உருளைக்கிழங்கு விலையைப் பற்றிப் பேசினோம்.

இப்போது நீ சொல். அன்றைக்கு அது உயிரோடு இருந்தது என்று நான் சொன்னது சரியா? மியூவான்கள் அன்றைக்கும் வந்துதான் இருந்தன. நாம் பார்க்கவில்லை என்பதற்காக வராமல் போய்விடாது. ஒன்று அன்றைக்கு உயிரோடும் இன்றைக்குச் செத்தும் இருக்க முடியுமா? நம் தொழிலில் இருக்கிற எவளும் ஒத்துக்கொள்ள மாட்டாள். நீ இருந்திருந்தால் ஒரே கேள்வியில் முடித்திருப்பாய். ஆனால் உன் சிரிப்பை என் கண்ணால் பார்த்தேன், அதை அழிக்க எனக்குக் கை வரவில்லை. நான் கண்டதை நானே கொல்லவும் கூடாது. கொல்ல வேண்டியவள் நீ, வேறு ஒருவரிடம் இதைக் கொடுக்க எனக்கு மனமில்லை. அதனால் அது என்னிடமே இருக்கிறது, உயிரோடு.